மூன்லைட்டிங்: சாபம் என்ற கதையும் டிவிடி சொல்லும் கதையும்

அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையில் 'மூன்லைட்டிங் சாபம்' என்றொரு பேச்சு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. நாயகனும் நாயகியும் முட்டி மோதிக்கொண்டிருக்கும் வரைதான் ஒரு தொடர் ஓடும், அவர்கள் ஒன்று சேர்ந்துவிட்டால் அன்றோடு அதன் கதை முடிந்தது என்பதே அந்தப் பேச்சின் சாரம். 1985 மார்ச் 3 முதல் 1989 மே 14 வரை ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'மூன்லைட்டிங்' என்ற நகைச்சுவைத் துப்பறியும் தொடரையே எல்லோரும் அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். பின்னால் வந்த பல தொடர்கள் தங்கள் காதலர்களை ஆண்டுக் கணக்கில் பிரித்தே வைத்திருந்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள், எப்போது வரும் என்றே தெரியாத எபிசோடுகளுக்காக வாரக் கணக்கில் காத்திருந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தவர்கள். இப்போது 66 எபிசோடுகளையும் வரிசையாகப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்க்கும்போது தொடர் எந்த இடத்தில் தடுமாறத் தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. அது காதலர்கள் சேர்ந்த இடம் அல்ல.

கதையின் அடிப்படை எளியது. மேடி ஹேய்ஸ் ஒருகாலத்தில் புகழ்பெற்ற விளம்பர மாடல்; புளூ மூன் என்ற ஷாம்புவின் முகமாக நாடெங்கும் அறியப்பட்டவர். அவருடைய கணக்கர் பணத்தையெல்லாம் சுருட்டிக்கொண்டு ஓடிவிட, கையில் எஞ்சுவது வீடும், வருமான வரியைக் குறைப்பதற்காக நட்டக் கணக்கு காட்ட வைத்திருந்த சில சில்லறை நிறுவனங்களும்தான். அவற்றுள் ஒன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஒரு துப்பறியும் நிறுவனம். அதை இழுத்து மூட வரும் மேடியை, அங்கே பொறுப்பில் இருக்கும் டேவிட் அடிசன் வாய்ச் சாமர்த்தியத்தால் தடுத்து, அவரையும் தொழிலில் இழுத்துவிடுகிறார். ஷாம்புவின் பெயரே நிறுவனத்தின் பெயராகிறது. மேடியாக சிபில் ஷெப்பர்ட், டேவிட்டாக அதுவரை அநேகமாக யாருக்கும் தெரிந்திராத புரூஸ் வில்லிஸ். வில்லிஸை நாயகனாகப் போட ஏபிசி நிர்வாகம் பெரிதும் தயங்கியது என்பது பின்னாளில் அந்நிறுவனமே சிரித்துக்கொண்டிருக்க வேண்டிய செய்தி. வரவேற்பறையில் தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு முறையும் எதுகை மோனையோடு ஒரு குட்டிப் பாட்டுப் பாடும் ஆக்னஸ் டிபெஸ்டோவாக அலிஸ் பீஸ்லி. இவர்களைத் தவிர அந்த அலுவலகத்தில் ஒரு பெருங்கூட்டமே சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பது கடைசிவரை துலங்காத மர்மம்.

இதை உருவாக்கிய கிளென் கார்டன் கேரன், அதற்குமுன் என்பிசியின் 'ரெமிங்டன் ஸ்டீல்' தொடரில் பணியாற்றியவர். அதிலும் ஒரு பெண், ஓர் ஆண், ஒரு துப்பறியும் நிறுவனம், இருவருக்கும் இடையே தீராத இழுபறி. ஏபிசி அவரிடம் கேட்டதும் ஏறத்தாழ அதே மாதிரியான ஒன்றைத்தான். துப்பறியும் கதைகளில் பெரிய ஈடுபாடு இல்லாத ஒருவரிடம் துப்பறியும் தொடர் கேட்டதன் விளைவு முதல் காட்சியிலிருந்தே தெரிகிறது. குற்றத்தைக் கேரன் ஒரு சாக்காக மட்டுமே பயன்படுத்துகிறார். கொலை நடக்கும், வாடிக்கையாளர் வருவார், துரத்தல் இருக்கும். ஆனால் கொலையாளி யார் என்று எபிசோடு முடிந்த மறுநாள் கேட்டால் பார்த்தவரால் சொல்ல முடியாது. அன்று காரில் போகும்போது மேடியும் டேவிட்டும் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று கேட்டால் வரிக்கு வரி சொல்லிவிடுவார்.

அந்தச் சண்டையின் ஓசைக்கு மூலம் 1930களிலும் 40களிலும் வந்த ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்கள், குறிப்பாக ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கியவை. ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்குவார். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இருவர் பேசுவதும் நமக்குக் கேட்கும். முதல் கதைச் சுருளைப் படித்ததுமே ஷெப்பர்ட் இந்த மரபை இனங்கண்டுகொண்டார். இதன் விலை தாளில் தெரிந்தது. திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. ஒரு மணி நேரத் தொடருக்கு, விளம்பரம் போக, அறுபது பக்கத்துக்குள் எழுதினால் போதும். மூன்லைட்டிங்கின் கைப்பிரதிகள் ஏறத்தாழ இருமடங்கு நீளம். அவ்வளவையும் மனப்பாடம் செய்து, அடுத்தவர் வசனத்தின் மேல் ஏறிப் பேசி, இடறாமல் நடந்துகொண்டே முடிக்க வேண்டும். பல சமயம் அந்தப் பக்கங்கள் படப்பிடிப்பு நாளன்றுதான் கைக்கு வரும். சராசரி ஒரு மணி நேரத் தொடர் ஏழெட்டு நாளில் படமாக்கப்பட்ட காலத்தில், இது பத்து நாளைத் தாண்டுவது வாடிக்கையாக இருந்தது.

வேகம் என்பது வெறும் பகட்டு அல்ல என்பதை ஒரு சிறு இடத்தைக் கூர்ந்து பார்த்தால் உணரலாம். அலுவலகத்தில் இருவரும் ஆளுக்கோர் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்துவது தொடரின் முத்திரை. ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால், வாக்குவாதத்தில் யார் தோற்றார்கள் என்பதைக் கதவுகளே சொல்வது தெரியும். மேடி சாத்தும் கதவு எப்போதும் முழு வீச்சில் சாத்தப்படும். டேவிட் பெரும்பாலும் அதைத் திறந்துகொண்டு பின்னாலேயே போவார். இன்னொரு வசனம் பேச அவருக்கு ஏதாவது இருக்கும். அவரும் கதவைச் சாத்தத் தொடங்கும் எபிசோடுகளில் விளையாட்டு வினையாகியிருக்கும். வாரம் ஒருமுறை பார்த்தவர்களுக்கு இது வெறும் சத்தம். நான்கைந்து எபிசோடுகளை அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு இது ஒரு மொழி.

தான் ஒரு தொலைக்காட்சித் தொடர் என்பதை இந்தத் தொடர் ஒருபோதும் மறைத்ததில்லை. இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் இருவரும் கேமராவைப் பார்த்து நேரடியாக நேயர்களிடம் பேசுகிறார்கள். எபிசோடின் நீளம் சற்றுக் குறைந்துவிட்டதாம், அதை நிரப்புகிறார்களாம். அதே சீசனின் கிறிஸ்துமஸ் எபிசோடு முடிவில் கேமரா பின்னோக்கி நகர்ந்து, ஒளியமைப்பாளர் முதல் தச்சர் வரை படப்பிடிப்புக் குழுவினரையும் அவர்கள் குடும்பத்தாரையும் காட்ட, அனைவரும் கூடிப் பாடுகிறார்கள். வூப்பி கோல்ட்பர்க் நடித்த அந்தச் சீசனின் கடைசி எபிசோடில், துரத்தல் காட்சி அரங்கத்தை விட்டே வெளியேறி, மற்ற அரங்குகளின் ஊடாக ஓடுகிறது. இத்தகைய குறும்புகள் இன்றைக்குச் சாதாரணம். ஆனால் 1985இல், செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, நாட்டின் மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களுள் ஒன்று இதை அனுமதித்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

1985 அக்டோபர் 15 அன்று ஒளிபரப்பான கறுப்பு வெள்ளை எபிசோடு இந்தத் துணிச்சலின் உச்சம். 1940களில் நடந்த ஒரு கொலையைப் பற்றி மேடியும் டேவிட்டும் வாதிடுகிறார்கள். கொன்றது பெண் என்பது ஒருவர் கட்சி, ஆண் என்பது மற்றவர் கட்சி. பிறகு ஆளுக்கொரு கனவாக அந்தக் கொலை இரண்டு முறை நிகழ்கிறது. வண்ணத்தில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிர்வாகம் பிற்பாடு மனம் மாறி வண்ணத்திலேயே வெளியிட்டுவிடக்கூடும் என்று கேரன் அஞ்சி, உண்மையான கறுப்பு வெள்ளைப் படச்சுருளிலேயே எடுக்க வைத்தார். உங்கள் தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகவில்லை என்ற தொனியில் நேயர்களை எச்சரிக்கும் முன்னுரையைப் பேசியவர் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரும் நடிகருமான ஆர்சன் வெல்ஸ். அதைப் பதிவு செய்தபின் அக்டோபர் 10 அன்று அவர் காலமானார். எபிசோடு ஐந்து நாள் கழித்து வெளியானது. இரண்டு கனவுகளும் ஒளியமைப்பில் ஒன்றுபோல் இல்லை என்பதை ஒளிபரப்பு அலைவரிசையின் இரைச்சலில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியாது. மேடியின் கனவு அந்தக் கால ஆடம்பரப் படங்களைப் போல வழவழப்பாகவும், டேவிட்டின் கனவு மலிவான குற்றப் படங்களைப் போலக் கரடுமுரடான நிழல்களோடும் இருக்கின்றன. தெளிவான பிரதியில் இது பளிச்சென்று தெரிகிறது.

தெளிவு எல்லா இடத்திலும் நன்மை செய்வதில்லை. ஒளிப்பதிவாளர் ஜெரால்ட் ஃபின்னர்மன் பழைய ஹாலிவுட் பாணியில், ஷெப்பர்டின் அண்மைக் காட்சிகளுக்கு மட்டும் பிம்பத்தை மென்மையாக்கும் வடிகட்டிகளைப் பயன்படுத்தினார். பழைய குழாய்த் திரைகளில் அது ஒரு மினுமினுப்பாகத் தோன்றி மறைந்திருக்கும். இன்றைய பெரிய திரையில், டேவிட்டின் முகத்தில் தாடி மயிர் வரை எண்ணலாம் என்ற தெளிவிலிருந்து, மேடியின் முகம் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோன்ற காட்சிக்கு வெட்டும்போது கண் ஒரு கணம் இடறுகிறது. சண்டைக் காட்சியில் வசனத்துக்கு வசனம் இப்படி மாறி மாறி வரும். இதைக் குறையாகக் கருதி யாராவது கணினியில் சரி செய்ய முனையாதிருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். நாயகியை வேறொரு காலத்துப் படத்திலிருந்து வந்தவராகவும், நாயகனைத் தெருவிலிருந்து வந்தவராகவும் காட்டுவது இந்தத் தொடரின் சிந்தனையோடு பொருந்திய ஒன்றுதான்.

இனிப் பணத்துக்கு வருவோம், ஏனென்றால் சாபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்நாளைய அமெரிக்க நடைமுறைப்படி, தொலைக்காட்சி நிறுவனம் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு உரிமக் கட்டணம் தந்து தொடரை ஒளிபரப்பும். செலவு கட்டணத்தை மீறினால் அந்த நட்டம் தயாரிப்பாளரின் தலையில் விழும். பின்னால் உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்பு விற்று அதை அவர் ஈடு கட்டிக்கொள்வார். ஆகவே செலவு ஏறும்போதும் நாள் தள்ளிப்போகும்போதும் கையைப் பிடிக்க ஒருவர் இருப்பார். மூன்லைட்டிங்கை ஏபிசியின் சொந்தத் தயாரிப்புப் பிரிவே எடுத்தது. கையைப் பிடிக்க வேண்டியவரும் கை நீட்டிப் பணம் தருபவரும் ஒருவரே ஆனதால், வெற்றி தொடரும் வரை கேரனுக்குத் தடையே இல்லை. மூன்றாம் சீசனில் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட முதல் பத்துத் தொடர்களுள் ஒன்றாக அது உயர்ந்தது. அந்தச் சுதந்திரம் இல்லாவிட்டால் ஷேக்ஸ்பியர் நாடகத்தை அந்தக் கால உடையிலேயே நையாண்டி செய்த எபிசோடோ, இசைப்பட மேதை ஸ்டான்லி டோனன் இயக்கிய நடனக் காட்சியோ பிறந்திருக்காது. அதே சுதந்திரத்தின் மறுபக்கம், எபிசோடு வரவேண்டிய நாளில் வராதது.

ஒரு சீசனுக்கு இருபத்திரண்டு எபிசோடுகள் என்பது அன்றைய வழக்கம். பாதியில் தொடங்கிய முதல் சீசனில் 6, இரண்டாவதில் 18, மூன்றாவதில் 15, நான்காவதில் 14, ஐந்தாவதில் 13 என்பது மூன்லைட்டிங்கின் கணக்கு. அறிவிக்கப்பட்ட இரவில் பழைய எபிசோடு ஓடுவது வழக்கமாகி, ஏபிசியே இந்தத் தாமதத்தைக் கேலி செய்து விளம்பரம் வெளியிடும் அளவுக்கு விஷயம் ஊரறிந்ததாயிற்று. 1987 ஜனவரியில், பழைய காட்சிகளைத் தொகுத்து ஓர் எபிசோடை நிரப்பினார்கள். ஹாலிவுட் கிசுகிசுச் செய்தியாளர் ரோனா பாரெட் தம் சொந்தப் பெயரிலேயே வந்து, புதிய எபிசோடுகள் ஏன் வருவதில்லை, மேடிக்கும் டேவிட்டுக்கும் என்ன சண்டை என்று விசாரிப்பதுபோன்ற அமைப்பு. காத்திருந்த நேயருக்கு இது ஆறுதலா அவமானமா என்பது அவரவர் மனநிலையைப் பொறுத்தது. வரிசையாகப் பார்ப்பவருக்கு இந்த எபிசோடின் நகைச்சுவையில் பாதி விளங்காது, ஏனென்றால் அவர் எதற்காகவும் காத்திருக்கவில்லை.

குறைந்த எபிசோடுகளின் பலன் தொடர் முடிந்தபின் தெரிந்தது. உள்ளூர் நிலையங்கள் வாரத்தில் ஐந்து நாளும் மறுஒளிபரப்பு செய்ய ஏறத்தாழ நூறு எபிசோடுகளாவது வேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. ஐந்து சீசன் ஓடிய தொடர் ஒன்று இயல்பாக அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். 66 எபிசோடுகளோடு நின்ற மூன்லைட்டிங், சில கேபிள் அலைவரிசைகளில் ஓடிவிட்டுப் பார்வையிலிருந்து மறையத் தொடங்கியது. அதன் சமகாலத் தொடர்கள் பிற்பகல்தோறும் ஓடி ஒரு புதிய தலைமுறையையே பழக்கிக்கொண்டிருந்தபோது, இது முதல் முறை பார்த்தவர்களின் நினைவில் மட்டும் வாழ்ந்தது. நினைவில் வாழும் தொடருக்கு ஒற்றை வரித் தீர்ப்பு ஒன்று ஒட்டிக்கொள்வது எளிது. சாபக் கதை வேரூன்றியது இப்படித்தான்.

டிவிடி வந்தபோதும் பாதை சுலபமாக இல்லை. தொடரின் தலைப்புப் பாடலை லீ ஹோல்ட்ரிட்ஜ் இசையில் அல் ஜாரோ எழுதிப் பாடியிருந்தார். அது தொடருக்கென்றே செய்யப்பட்டது. சிக்கல் மற்றப் பாடல்களில் இருந்தது. பழைய சோல் பாடல்களும் ராக் பாடல்களும் காட்சிக்குக் காட்சி ஒலிக்கும். டேவிட் நினைத்த இடத்தில் பாடத் தொடங்கிவிடுவார். ஒரு பாடலைக் காட்சியோடு சேர்க்க இரண்டு உரிமைகள் வேண்டும். பாடலை இயற்றியவரின் உரிமையை வைத்திருக்கும் பதிப்பகத்திடம் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவை வைத்திருக்கும் இசை நிறுவனத்திடம் இன்னொன்று. 1980களில் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் பொதுவாக ஒளிபரப்பை மனத்தில் வைத்தே எழுதப்பட்டன. டிவிடியும் இணையவழி ஒளிபரப்பும் அப்போது இல்லை. ஆகவே புதிய வடிவத்தில் வெளியிட, ஒவ்வொரு பாடலுக்கும் இரண்டு தரப்போடும் மீண்டும் பேச வேண்டும். பேசி முடியாதபோது அசல் பாடலை நீக்கிவிட்டுப் பெயர் தெரியாத இசையை ஒட்டுவது வழக்கம். வானொலி நிலையம் ஒன்றைக் களமாகக் கொண்ட 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' தொடரின் முதல் டிவிடி இப்படித்தான் குதறப்பட்டது. மூன்லைட்டிங்கில் இதைச் செய்ய முடியாது. மேடியும் டேவிட்டும் இறுதியில் ஒன்று சேரும் காட்சியில் ஒலிக்கும் ரோனெட்ஸ் குழுவின் பாடலை எடுத்துவிட்டால், மேசை நாற்காலிகளை உடைத்துக்கொண்டு நடக்கும் அந்த ரகளை வெறும் சேதமாகத்தான் எஞ்சும்.

2005இல் முதல் இரண்டு சீசன்களை ஒன்றாக வெளியிடத் தொடங்கிய லயன்ஸ் கேட், 2007க்குள் ஐந்து சீசன்களையும் டிவிடியில் முடித்தது. பிறகு அந்தப் பெட்டிகள் அச்சில் இல்லாமல் போய், பழைய பொருள் சந்தையில் தேடுபொருளாயின. ஸ்ட்ரீமிங் யுகம் வந்து ஏறத்தாழ எல்லாப் பழைய தொடர்களும் எங்காவது கிடைக்கத் தொடங்கிய பின்னும் மூன்லைட்டிங் மட்டும் எங்கும் இல்லை. 2023 அக்டோபர் 10 அன்று, பெரும்பாலான அசல் பாடல்களோடு, மெருகேற்றப்பட்ட பிரதியாக அது அமெரிக்காவில் ஹுலு தளத்தில் வந்தது. முப்பத்தெட்டு ஆண்டுக்கு முந்தைய தொடர் ஒன்றுக்கு இவ்வளவு தாமதமான இரண்டாம் வரவு அரிது. டிவிடி வைத்திருப்பவர் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உருவாக்கியவர்களின் விளக்க உரைகளும் தயாரிப்பு பற்றிய ஆவணப் பகுதிகளும் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கின்றன. உரிமம் காலாவதியானால் தளத்திலிருந்து தொடர் ஓரிரவில் காணாமல் போகலாம். அலமாரியில் இருப்பதை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

இப்போது சாபத்தைச் சோதிக்கலாம். மூன்றாம் சீசனின் பிற்பகுதியில் மார்க் ஹார்மன் நடித்த சாம் க்ராஃபர்ட் என்ற பழைய நண்பர் மேடியைத் தேடி வருகிறார். சில எபிசோடுகளுக்கு நீளும் இந்த முக்கோணம், தொடர் முழுவதிலும் மிகக் கவனமாக எழுதப்பட்ட பகுதி. பேசியே வெல்லும் டேவிட் முதன்முறையாகப் பேச்சிழக்கிறார். வில்லிஸ் 1987இல் நாடகப் பிரிவில் சிறந்த நடிகருக்கான எம்மி விருது பெற்றதில் வியப்பில்லை. 1987 மார்ச் 31 அன்று இருவரும் சேர்கிறார்கள். அடுத்து வரும் எபிசோடிலும், நான்காம் சீசனின் தொடக்கத்திலும் இருவரும் முன்போலவே மோதிக்கொள்கிறார்கள். மோதலின் பொருள்தான் மாறியிருக்கிறது: நடந்ததைத் தொடர்வதா, மறப்பதா, அதற்கு ஒரு பெயர் வைப்பதா என்பது இப்போதைய வழக்கு. வசனத்தின் வேகம் குறையவில்லை, கதவுகளும் ஓயவில்லை. இதைப் பார்த்துவிட்டு உறவு கைகூடியதால் தொடரின் உயிர் போய்விட்டது என்று சொல்ல மனம் வராது.

பிறகுதான் சரிவு வருகிறது. மேடி சிகாகோவில் உள்ள பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுகிறார்; டேவிட் லாஸ் ஏஞ்சலஸில் தனியாக இருக்கிறார். எபிசோடு எபிசோடாக இருவரும் ஒரே சட்டகத்துக்குள் வருவதே இல்லை. ஒரு கட்டத்தில் டேவிட் ஆள்மாறாட்டத்தால் சிறையில் மாட்டிக்கொள்ளும் கதை இரண்டு எபிசோடுகளுக்கு நீள்கிறது. ஆக்னஸும், கர்ட்டிஸ் ஆம்ஸ்ட்ராங் நடித்த ஹெர்பர்ட் வயோலாவும் முழு எபிசோடையே தோளில் சுமக்கிறார்கள். அவர்கள் நல்ல துணைப் பாத்திரங்கள். ஆனால் உப்பை மட்டும் வைத்துப் பந்தி பரிமாற முடியாது.

காரணம் கதையில் இல்லை, காலண்டரில் இருந்தது. ஷெப்பர்ட் அப்போது இரட்டைக் குழந்தைகளைக் கருவுற்றிருந்தார். 1987 அக்டோபரில் பிரசவம். அவருடைய காட்சிகளைத் தனியாக எடுத்துவைக்க வேண்டிய கட்டாயம். அதனால் கிடைத்த இடைவெளிதான் வில்லிஸுக்கு 1988 ஜூலையில் வெளிவந்த 'டை ஹார்ட்' படத்தில் நடிக்க வழிவிட்டது. அதற்கு முன்பே 1987இல் பனிச்சறுக்கு விபத்தில் அவருக்குக் காறை எலும்பு முறிந்து படப்பிடிப்பு குலைந்திருந்தது. இரண்டு நடிகர்களுக்கும் இடையிலும், ஷெப்பர்டுக்கும் கேரனுக்கும் இடையிலும் இருந்த கசப்பு எல்லோரும் அறிந்ததே. இருவரையும் ஓர் அறைக்குள் நிறுத்திச் சண்டை போட வைப்பதைத் தவிர வேறு எந்த முதலும் இல்லாத தொடர் இது. அந்த முதலை எடுத்துவிட்டு நடத்திய கடைதான் நான்காம் சீசன். காதலர்களைச் சேர்த்ததற்காகத் தண்டனை பெற்றதாகச் சொல்லப்படும் தொடர், உண்மையில் அவர்களைப் பிரித்துவைத்த மாதங்களில்தான் மெலிந்தது.

நான்காம் சீசனுக்கு வாதாட நினைப்பவன் அல்ல நான். சிகாகோவிலிருந்து திரும்பும் ரயிலில் சந்தித்த வால்டர் பிஷப் என்ற அந்நியரை மேடி மணந்துகொள்ளும் திருப்பத்தை எந்தப் படப்பிடிப்பு அட்டவணையும் கட்டாயப்படுத்தவில்லை. அது எழுத்தாளர்களின் சொந்தத் தவறு. மேடியின் பிடிவாதத்தைக் குணமாக எழுதிவந்தவர்கள் திடீரென அதைக் கோமாளித்தனமாக எழுதுகிறார்கள். ஆனால் இந்தத் தவறும் மேடியும் டேவிட்டும் சேர்ந்த அந்த ஒருநாள் இரவிலிருந்து பிறந்ததல்ல. இருவரையும் மீண்டும் ஆரம்பப் புள்ளிக்கே கொண்டுபோய், சேராத காதலர்களாகவே நிறுத்திவிட வேண்டும் என்ற பதற்றத்திலிருந்து பிறந்தது. சாபத்துக்கு அஞ்சியே சாபத்தைத் தேடிக்கொண்ட கதை.

1988 மார்ச் 7 முதல் ஆகஸ்ட் 7 வரை நடந்த எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தம் மிச்சத்தை முடித்து வைத்தது. முப்பரிமாணத்தில் எடுக்கத் திட்டமிட்டிருந்த காட்சியும் அதில் அடிபட்டுப் போனது. ஐந்தாம் சீசன் டிசம்பரில்தான் தொடங்கியது. கேரன் அப்போது தொடரில் இல்லை. மேடியின் கரு கலைவதை, பிறக்காத குழந்தையாக வில்லிஸே நடித்துச் சொல்லும் முதல் எபிசோடு இன்றும் முகம் சுளிக்க வைக்கிறது. பிற்பகுதியில் வரும் வர்ஜீனியா மேட்சன் பாத்திரத்தின் காதல் விவகாரமும் ஒட்டவில்லை. 1989 வசந்தத்தில் தொடரை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். யாரும் பின்தொடர்ந்து வரவில்லை.

ஆயினும் கடைசி எபிசோடு வேறு. ஆக்னஸுக்கும் ஹெர்பர்ட்டுக்கும் திருமணம் முடிந்து அலுவலகம் திரும்பும் மேடியும் டேவிட்டும், தங்கள் அரங்கத்தையே ஆட்கள் பிரித்துக்கொண்டிருப்பதைக் காண்கிறார்கள். தொடர் ரத்தாகிவிட்டது என்று அவர்களுக்கு அங்கேதான் சொல்லப்படுகிறது. தொடர் நெடுகப் பேச்சுவாக்கில் குறிப்பிடப்பட்டு, ஒருபோதும் கண்ணில் காட்டப்படாத ஆன்செல்மோ வழக்கு துலங்காமலே போயிற்று என்ற அறிவிப்போடு எழுத்து ஓடுகிறது. வரிசையாகப் பார்த்தவருக்கு இது இரண்டாம் சீசன் முடிவில் அரங்குகளின் ஊடாக ஓடிய துரத்தலின் மறுபாதி. இரண்டுக்கும் நடுவே மூன்று ஆண்டு இடைவெளி இருந்த நேயர் இந்தத் தொடர்பைப் பிடித்திருப்பது கடினம்.

மறுபார்வையில் உறுத்துவதும் உண்டு. மேடி சொல்வது பெரும்பாலும் சரி, ஆனால் கதை பெரும்பாலும் டேவிட்டின் பக்கம் சாய்ந்து சிரிக்கிறது. சம்பளம் தருபவரை, கையில் சம்பளம் வாங்குபவர் அலுவலகம் முழுக்கப் பார்க்கக் கிண்டல் செய்வதையும், வேண்டாம் என்ற பின்னும் விடாமல் துரத்துவதையும் அன்றைய எழுத்து வசீகரமாகவே கண்டது. இருவரும் சேரும் காட்சியே அறைதலில் தொடங்குகிறது. ஷெப்பர்ட் இதை நடிப்பால் எதிர்த்து நிற்கிறார். வசனம் அவருக்குத் தராத கடைசி வார்த்தையைப் பல இடங்களில் அவர் பார்வை எடுத்துக்கொள்கிறது. தொடர் வில்லிஸைப் புகழேற்றியது என்பதே இன்று பெரிதாகப் பேசப்படுகிறது. வரிசையாகப் பார்த்தால், அவருடைய குறும்பு எடுபடுவதற்கு எதிரே அசையாமல் நிற்கும் ஒருவர் தேவைப்பட்டார் என்பதும், அந்தக் கடினமான வேலையைச் செய்தவர் ஷெப்பர்ட் என்பதும் புரியும்.

வகைப்படுத்த முடியாமல் விருதுக் குழுக்களும் திணறின. எம்மி அமைப்பு இதை நாடகமாகக் கொண்டது, கோல்டன் குளோப் நகைச்சுவையாகக் கொண்டது. 1986இல் பதினாறு எம்மி பரிந்துரைகள் பெற்று ஒன்றே ஒன்றை வென்றது.

புதிதாகத் தொடங்குபவர் இரண்டு மணி நேர முதல் கதையை முழுதாகப் பார்த்துவிட்டு, முதல் சீசனின் மற்ற எபிசோடுகளை வேகமாகக் கடக்கலாம்; தொடர் தன் குரலைக் கண்டுகொள்வது இரண்டாம் சீசனில்தான். ஒரே அமர்வில் இரண்டுக்கு மேல் பார்க்க வேண்டாம், காது களைத்துவிடும். மூன்றாம் சீசனில் ரோனா பாரெட் வரும் தொகுப்பு எபிசோடைப் பழைய காட்சிகள்தானே என்று தாண்டக் கூடாது; அன்றைய நேயரின் எரிச்சலை உணர அதற்கு முன் வேண்டுமென்றே சில வாரம் நிறுத்திவைத்துப் பார்ப்பவர்கள் கூடுதல் பயன் அடைவார்கள். நான்காம் சீசனை மேடி சிகாகோ போகும் வரை பார்த்தால் போதும். ஐந்தாவதில் கடைசி எபிசோடு மட்டும்.